தங்கூஸ் கட்டிய கிட்டார்

அன்பு அண்ணனுக்கு,

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருந்த ஆர்மோனியக் கடையைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. எனக்குப் பிறந்த ஊர் பாம்பன். என் கூடப் பிறந்த அண்ணன் முதல் கிட்டார் வாங்கியது அந்தக் கடையில்தான். நானும் கூடப் போயிருந்தேன். அவன் உள்ளே போய்ப் பேரம் பேசினான், நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து யாரோ ஆர்மோனியத்தை அழுத்திப் பார்க்கிற சத்தமும் வார்னிஷ் வாசமும் வந்தது இன்னும் மறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பாலம் முழுக்க அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான்.

வாங்கிக் கொஞ்ச நாளிலேயே ஆக மெல்லிசான முதல் கம்பி அறுந்துபோனது. வேறு வாங்கக் கையில் காசு இல்லை. அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து தங்கூஸை, அதுதான் மீன் பிடிக்கிற நைலான் நரம்பை, எடுத்துக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு வாசிக்கப் போனான். பாடகர் குழுவில் ஒருவர் விடாமல் சிரித்தார்கள்.

இப்போது நான் உச்சிப்புளியில் இருக்கிறேன். ஆறாவது படிக்கிற மகள் கிட்டார் கேட்கிறாள். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஆன்லைன்காரர்கள் அந்த மாதிரிக் கடைகளையெல்லாம் ஒழித்துவிட்டார்கள் என்று கோபமாக வருகிறது. அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிற கிட்டாரில் என்ன இருக்கிறது? எங்களுக்குக் கிடைத்த அனுபவம் அவளுக்குக் கிடைக்காதே என்று இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எந்த மாதிரிக் கிட்டார் வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

மா., உச்சிப்புளி

*

அன்புள்ள தங்கச்சி,

தங்கூஸிலிருந்தே தொடங்குகிறேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உலகத்தில் இன்றைக்கு நைலான் கம்பி போட்டு வாசிக்கிற கிட்டார் எல்லாமே உங்கள் அண்ணன் செய்தது மாதிரி ஒரு வேலையிலிருந்து வந்ததுதான்.

முன்பெல்லாம் கிட்டாரின் மெல்லிய மூன்று கம்பிகளையும் ஆட்டுக் குடலை முறுக்கித்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் குடல் நரம்பு காயங்களுக்குத் தையல் போடப் போய்விட்டது. ஸ்பெயின்காரர் ஆந்த்ரே செகோவியா, கச்சேரி மேடைக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர், அவருக்கே நல்ல கம்பி கிடைக்காமல் திண்டாட்டம். நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையை ஏற்றிப் பார்த்தார். டூபாண்ட் நிறுவனம் 1938-இல்தான் நைலானை வெளியே அறிவித்திருந்தது. ராணுவ மிச்சச் சரக்கு விற்கும் கடையில் அவருக்கு அந்த இழை அகப்பட்டதாகச் சொல்வார்கள். செகோவியாவுக்கு அது பிடித்துப்போய், 1940-களின் கடைசியில் நைலான் கம்பி விற்பனைக்கு வந்தது. இன்று ‘கார்பன்’ என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதுவும் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போடுகிற ஃபுளோரோகார்பன் நரம்பின் வகையறாதான். நைலான் கிட்டாரின் முதல் கம்பி சுமார் 0.7 மில்லிமீட்டர் கனம். உங்கள் அப்பாவின் பெட்டியில் அந்தக் கனத்தில் தங்கூஸ் இல்லாமலா இருந்திருக்கும்?

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவிலும் இதைச் செய்தோம். இரும்புக் கம்பியின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும், கிட்டாரின் வயிற்றில் ஒட்டியிருக்கிற பிரிட்ஜ் என்கிற மரத்துண்டில் மாட்டிக்கொள்வதற்கு. தங்கூஸில் அது கிடையாது. அதனால் அறுந்த கம்பியிலிருந்து குண்டைக் கழற்றி, தூண்டில் முள் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டு இறுக்குவோம். எச்சில் தொட்டு இழுத்தால்தான் அந்த முடிச்சு அமரும். மற்ற ஐந்தும் இரும்பு, இது ஒன்று மட்டும் நைலான் என்பதால் சத்தம் அமுங்கித்தான் கேட்கும். அதைவிடப் பெரிய தொல்லை, புதுத் தங்கூஸ் நீண்டுகொண்டே போகும். காணிக்கைப் பாட்டுக்குச் சேர்த்த சுருதி நன்றிப் பாட்டுக்குள் அரைக் கட்டை இறங்கியிருக்கும். அவர்கள் சிரித்தது அதற்காகவும் இருக்கலாம்.

உங்கள் அண்ணனுக்குக் கிட்டார் ஆசை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சினிமாவில் இளையராஜாவின் கிட்டாரைக் கேட்டு ஆசைப்பட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். அவரே லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். நம் கரைக்கு இன்னும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கோயில். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு, அதாவது கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டத்துக்குப் பிறகு, லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்தது, பாட்டும் மாறியது, மெல்ல மெல்லக் கிட்டாரும் பீடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இன்னொன்று இலங்கை. சென்னை நிலையம் இரைச்சலுக்கு நடுவே கேட்கும், இலங்கை வானொலி பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரிக் கேட்கும். அதில் வந்த பொப் (பாப்) பாட்டுகளில் கிட்டார் ஓரத்தில் நிற்காது, முன்னால் வந்து ஆடும். பைலாத் தாளம் அது. போர்த்துக்கீசியரும் அவர்கள் கூட்டிவந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கையில் விட்டுப்போன ஆட்டத்திலிருந்து வந்தது, ஒரு சுற்றுக்கு ஆறு அடி வருகிற ஆறு எட்டுக் கணக்கு. 1983-க்குப் பிறகு மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர்களில் மன்னார்க்காரர் ஒருவரிடம்தான் அதற்கு வலது கையை எப்படி ஆட்டுவது என்று நான் கற்றேன். கிட்டார் என்னுடையது, அவர் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர். என்னுடையதை வாங்கிச் சுருதி சேர்த்து ஒரு சுற்று வாசித்தார். அது என் கிட்டார்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சரி, கடைக்கு வருவோம். ஆன்லைன்காரர்கள் ஒழித்துவிட்டார்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆன்லைன் வருவதற்கு வெகுகாலம் முன்னாலேயே அந்தக் கடையில் பாதிக் கதவைச் சாத்தியாயிற்று.

அந்தக் கடை கிட்டார் விற்றுப் பிழைத்த கடை இல்லை. கண்ணாடி அலமாரியில் தொங்கிய இரண்டு மூன்று கிட்டார்களும் சாமிப் படம் மாதிரி அங்கேயே இருந்தன. சோறு போட்டது ரிப்பேர். மாசி, பங்குனியில் நாடக சீசன் தொடங்கும்போது ஆர்மோனியக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சத்தம் எழுப்புகிற ரீடுத் தகடு ஒன்று பேசாது, ஒரு துருத்தி கிழிந்திருக்கும். உப்புக் காற்றில் பித்தளை ரீடு பச்சை பூத்தால் சுருதி மாறிவிடும், அதைச் சுரண்டிச் சுரண்டிச் சரி செய்ய வேண்டும். நாதஸ்வரக்காரர்கள் சீவாளிக்கு வருவார்கள். ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு நெருங்கினால் பக்கீர்மார்கள் தப்ஸ் என்கிற கைப்பறையோடு வருவார்கள். பள்ளிக்கூட பேண்டு செட்டுக்குச் சுதந்திர தினத்துக்கு முதல் வாரம்தான் டிரம் கிழிந்திருப்பது தெரியவரும். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் எங்களைப் போன்ற பாடகர் குழுப் பையன்கள், தபேலாவுக்குத் தோல் மாற்ற, கிட்டாருக்குக் கம்பி வாங்க. இத்தனை பேருடைய சின்னச் சின்னக் காசில் ஓடிய கடை.

அதைச் சாய்த்தது கீபோர்டு. துபாயிலிருந்து லீவில் வருகிறவர்களின் பெட்டியில் டூ-இன்-ஒன்னோடு காஸியோவும் வர ஆரம்பித்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் தபேலா, இன்னொன்றை அமுக்கினால் டிரம்ஸ். கோயில்கள் ஒவ்வொன்றாக ஆர்மோனியத்தை ஓரமாக வைத்தன. கீபோர்டில் கிழிய துருத்தி கிடையாது, பச்சை பூக்க ரீடு கிடையாது. கெட்டுப்போனால் டிவி மெக்கானிக்கிடம் போகும், அவரால் முடியாவிட்டால் பரண் மேல் போகும். ஆர்மோனியக் கடைக்காரருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. நாடகக்காரர்கள் மட்டும் ஆர்மோனியத்தை விடவில்லை. அவர்களுக்காக இன்னும் சில வருஷம் ஓடியது. மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அப்புறம் முழுக் கதவும் சாத்தியது. செல்போன் உறை வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லாக் கடையும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842-இல் வேறு பெயரில் தொடங்கிய கடை, இன்றும் நடக்கிறது. வகுப்பு எடுக்கிறார்கள், டிரினிட்டி தேர்வு அங்கே நடக்கிறது. கற்றுக்கொள்ள ஆள் வந்துகொண்டே இருந்தால் வாங்கவும் ஆள் வரும். ராமநாதபுரத்தில் ஒரு ஆர்மோனிய ரிப்பேர்க்காரர் அதையெல்லாம் எப்படிச் செய்திருக்க முடியும்?

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். அந்தக் கடையில் விற்ற கிட்டார்கள் நல்ல கிட்டார்கள் இல்லை.

கிவ்சன், ஹாப்னர் என்று கொல்கத்தாவில் செய்த பெயருள்ள கிட்டார்கள் அன்றைக்கு இருந்தன. அதைக் கையில் வைத்திருந்தவர்களை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம். நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் பெயரே ஒட்டாதவை. தடித்த பிளைவுட், அதன் மேல் பளபளவென்று பாலிஷ். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் தகடுகளில் பன்னிரண்டாவதில் பார்த்தால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே சுண்டு விரலை விடலாம். அவ்வளவு உயரத்திலிருந்து இரும்புக் கம்பியை அமுக்கினால் விரல் நுனியில் கோடு விழும், அடுத்த நாள் தோல் உரியும். தோல் உரிந்தால்தான் கிட்டார் வரும் என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பாதி பொய். கம்பி உயரத்தைச் சரி செய்யாத கிட்டாரில்தான் அவ்வளவு ரத்தம் கேட்கும். பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற கார்டுகளில் சி, ஜி, ஏ மைனர் வரை எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். எஃப் கார்டில் ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டுக் கம்பிகளை ஒன்றாக அமுக்க வேண்டும், அங்கேதான் பெரும்பாலோர் கழன்றுகொண்டார்கள். எங்கள் தெருவில் பீரோ மேல் தூசி படிந்து கிடந்த கிட்டார் அத்தனையும் எஃப் கார்டில் நின்றவைதான். பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று வீட்டில் திட்டு விழுந்தது.

கடைக்காரருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். விற்கும்போது அவர் எதையும் தொடமாட்டார், வந்தபடியே எடுத்துக் கொடுப்பார். வலிக்கிறது என்று திரும்பிப் போய் நிற்கிறவனுக்குத்தான் கை வைப்பார். நான் போய் நின்றேன். ஒன்றும் பேசாமல் கம்பிகளைத் தளர்த்தினார். பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டு இருக்கிறதல்லவா, சாடில், அதைக் குறடால் மெல்ல உருவி எடுத்தார். மேஜைக் கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, சாடிலின் அடிப்பக்கத்தை அதில் வைத்து ஒரே சீராக முன்னும் பின்னும் தேய்த்தார். மேல் பக்கத்தைத் தொடவே இல்லை, கம்பி உட்கார்ந்த வளைவு அப்படியே இருக்க வேண்டும். நடு நடுவே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அடி கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். திரும்ப மாட்டி, கம்பியை ஏற்றி, ஆர்மோனியத்தை இடது கையால் அமுக்கிக்கொண்டே சுருதி சேர்த்தார். “மூணு, ஆறு, ரெண்டு, அஞ்சு, ஏழு, மறுபடி மூணு. கட்டைக் கணக்கு. மறந்துறாதே” என்றார். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று நான் புத்தகத்தில் படித்தது பின்னால்தான். இன்றைக்கும் என் கைக்கு மூணு, ஆறு, ரெண்டுதான்.

அந்தக் கடையில் உண்மையிலேயே விலை உயர்ந்த சரக்கு அந்தக் கைதான். அதற்கு அவர் வாங்கிய காசு ஒரு டீ, வடைக்குக் காணாது. கிட்டாருக்கு வாங்கியதுதான் கூடுதல்.

நீங்கள் வாசலில் நின்றதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அதில்தான் நின்றுவிட்டேன். யோசித்துப் பார்க்கிறேன், அந்தக் கடைக்குள் ஒரு பெண்பிள்ளை கிட்டாரை எடுத்து மடியில் வைத்துப் பார்த்ததை நான் கண்டதே இல்லை. கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் ஆர்மோனியத்தோடு வருவார்கள், அவ்வளவுதான். கோயிலிலும் பெண்கள் பாடினார்கள், வாத்தியம் முழுக்க எங்கள் கையில் இருந்தது. பாலம் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களே, வீட்டுக்கு வந்த பிறகு அதைத் தொட விட்டார்களா? மகளுக்கு உங்கள் அனுபவம் கிடைக்காது என்கிறீர்கள். கிடைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். அவள் கேட்டாள், நீங்கள் வாங்கித் தரப்போகிறீர்கள். அட்டைப் பெட்டி அவள் பெயருக்கு வந்து இறங்கட்டுமே.

எதை வாங்கலாம் என்றால், நைலான் கம்பிக் கிட்டார். கிளாசிக்கல் கிட்டார் என்று விற்பார்கள். மெல்லிய இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து கிட்டாரை ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு இழுக்கும், நைலான் 40 கிலோ பக்கம்தான். பிஞ்சு விரலுக்கு அந்த வித்தியாசம் போதும். இரண்டாவது காரணம் நம் காற்று. உச்சிப்புளி கடலிலிருந்து எவ்வளவு தூரம்! கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இரும்புக் கம்பி இரண்டு வாரத்தில் சொரசொரவென்று ஆகிவிடும், உங்கள் அண்ணனின் முதல் கம்பியையும் துருதான் தின்றிருக்கும். தங்கூஸ் துருப் பிடிக்காது. தடித்த மூன்று கம்பிகளில் மேலே சுற்றியிருக்கிற உலோகம் மட்டும் கறுக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு முக்கால் சைஸ், 36 அங்குலம் சரியாக இருக்கும். நல்ல வளர்த்தியான பிள்ளை என்றால் 39 அங்குல முழு சைஸே வாங்கிவிடலாம். 41 அங்குலத்தில் பெரிய வயிற்றோடு வருவது இரும்புக் கம்பிக்காரர்களுக்கு. படத்தில் பார்க்க அதுதான் அழகாக இருக்கும், அவள் அதைத்தான் கேட்பாள், கொஞ்சம் பேசிச் சமாளியுங்கள். நைலான் கிட்டாரில் யார் சொன்னாலும் இரும்புக் கம்பியை ஏற்ற வேண்டாம், பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடாமல் உறைக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வருகிற ஈரம் ஒட்டுப் பசையைப் பிடித்துத் தின்னும். சுருதிக்குப் போனிலேயே இலவசமாக டியூனர் கிடைக்கிறது. ஆனால் புது நைலான் முதல் வாரம் முழுக்க இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கிட்டார் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மெல்லிய கம்பிப் பக்கம் 3 மில்லிமீட்டர், தடித்த கம்பிப் பக்கம் 4 இருந்தால் நல்லது. 5, 6 என்று காட்டினால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, சாடிலைத் தேய்க்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அந்த வேலை தெரிந்திருந்தால் அவரையே கூப்பிடுங்கள். இல்லையென்றால் அளவை எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் மண்டபம் வரை வர வேண்டியிருக்கிறது, உப்புத்தாளோடு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்